"நாங்க வேற" என்கிற நினைப்பு: பழைய சிறுகதைகளில் மேட்டிமையும் முன்முடிவும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1840களிலிருந்து 1960கள் வரை எழுதப்பட்ட நல்ல சிறுகதைகளை எடுத்து வைத்துப் படித்தால், நிறையக் கதைகள் ஒரே விஷயத்தைச் சுற்றி வருவது தெரியும்: யார் யாரைவிட மேல்? வெளியே போர்க்கதை, பிரயாணக் கதை, பிள்ளைகள் கதை என்று இருக்கும். உள்ளே இதுதான் ஓடிக்கொண்டிருக்கும். இவற்றைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எனக்குத் தோன்றிய பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கதைகளின் முடிவுகளை மறைக்கவில்லை. முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்பவர்கள் கதைகளைப் படித்துவிட்டு வாருங்கள்.

மேட்டிமை, முன்முடிவு இரண்டும் ஒன்றுதானே?

அக்கா தங்கை என்று சொல்லலாம், ஒரே ஆள் இல்லை. மேட்டிமைக்கு ஓர் ஏணி வேண்டும். நான் எந்தப் படியில் நிற்கிறேன், நீ எந்தப் படியில் நிற்கிறாய் என்ற கணக்கு அது. முன்முடிவுக்கு ஏணி தேவையில்லை. ஆளைப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பை எழுதி வைத்திருந்தால் போதும்.

ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் எழுதிய 'மிஸ்டர் நோ-ஆல்' முன்முடிவுக்கு நல்ல உதாரணம். முதல் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து யோகோஹாமாவுக்குப் போகும் கப்பலில் கதைசொல்லிக்கு இரண்டு பேர் தங்கும் அறை கிடைக்கிறது. கூட வரப்போகிறவர் பெயர் கெலாடா என்று தெரிந்ததுமே அவருக்கு மனசு சுருங்கிவிடுகிறது. ஸ்மித் என்றோ பிரௌன் என்றோ ஆங்கிலப் பெயராக இருந்திருந்தால் பரவாயில்லையாம். அறைக்குள் போனால் கெலாடா இல்லை, அவருடைய பெட்டிகளும் பிரஷ்களும் மட்டும் இருக்கின்றன. அந்தப் பிரஷ்களையும் இவருக்குப் பிடிக்கவில்லை! ஆளை இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

ஏணி மட்டும் தனியாக வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால் ரஷ்ய எழுத்தாளர் செகாவிடம் போக வேண்டும். கொஞ்சம் கீழே அதற்கு வருகிறேன்.

இப்படிப்பட்ட கதைகளில் எதைக் கவனித்துப் படிப்பது?

பாத்திரங்கள் பேசுவதைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு அவர்கள் கையைப் பாருங்கள். கையில் என்ன பொருள் இருக்கிறது, அதை யார் யாருக்குக் கொடுக்கிறார்கள், யார் தொடக்கூடாது. தான் உசத்தி என்று நினைப்பவர் அதை வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். நல்ல எழுத்தாளர்கள் அந்த நினைப்பை ஒரு கோட்டிலோ கூடையிலோ விளக்கிலோ வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

செகாவின் 'பச்சோந்தி' (1884) சில பக்கங்களில் முடிந்துவிடும். காவல் அதிகாரி ஒச்சுமேலவ் புது மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சந்தை மைதானத்தில் நடக்கிறார். பின்னால் ஒரு காவலர், பறிமுதல் செய்த பழங்கள் நிறைந்த சல்லடையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அங்கே ஒரு பொற்கொல்லரின் விரலை நாய்க்குட்டி ஒன்று கடித்துவிட்டது. அதிகாரி கறாராக ஆரம்பிக்கிறார்: யார் வீட்டு நாய், நான் சும்மா விடமாட்டேன், நாயைக் கொன்றுவிட வேண்டியதுதான். கூட்டத்திலிருந்து யாரோ, இது ஜெனரல் வீட்டு நாய் போல் இருக்கிறதே என்கிறார்கள். உடனே அதிகாரிக்குப் புழுங்குகிறது. கோட்டைக் கழற்றிவிடச் சொல்கிறார். இத்தனை சின்ன நாய்க்கு உன் விரல் எப்படி எட்டும், நீதான் ஆணியில் கீறிக்கொண்டு வந்து நிற்கிறாய் என்று பொற்கொல்லர் பக்கம் திரும்புகிறார். ஜெனரலிடம் இந்த மாதிரி நாய் கிடையாது என்று காவலர் சொன்னதும் அது மறுபடி தெருநாயாகிவிடுகிறது. இல்லையில்லை, அவர் வீட்டு முற்றத்தில் பார்த்திருக்கிறேன் என்று பேச்சு வர, அதிகாரிக்கு இப்போது குளிர்கிறது. கோட்டைப் போட்டுவிடச் சொல்கிறார். கடைசியில் ஜெனரலின் சமையல்காரர் வந்து, எங்கள் வீட்டு நாய் இல்லை என்கிறார். தெருநாய்தான், தீர்த்துவிட வேண்டியதுதான் என்று அதிகாரி முடிக்கும்போது சமையல்காரர் மிச்சத்தைச் சொல்கிறார்: ஜெனரலின் சகோதரர் வந்திருக்கிறார், இது அவருடைய நாய். அதிகாரியின் முகமெல்லாம் மலர்ந்துவிடுகிறது. என்ன அழகான குட்டி!

நாயும் அதே நாய், விரலும் அதே விரல். தனக்கு வியர்த்ததையோ நடுங்கியதையோ அதிகாரி ஒரு தடவைகூட ஒப்புக்கொள்வதில்லை. கோட்டு காட்டிக்கொடுத்துவிடுகிறது. இன்னொன்று, பலர் கவனிக்காமல் தாண்டிவிடும் இடம்: கடைசியில் கூட்டம் சிரிக்கிறது. அதிகாரியைப் பார்த்து இல்லை, கடிபட்டவரைப் பார்த்து.

ரஷ்யக் கதைகளில் ஏன் இத்தனை பதவிப் பெயர்கள்?

1722இல் ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் கொண்டுவந்த பதவிப் பட்டியல்தான் காரணம். அரசுப் பணியில் இருந்தவர்களை அது 14 படிகளில் நிறுத்தியது. எந்தப் படிக்காரரை எப்படி விளிக்க வேண்டும் என்பதுகூட வரையறுக்கப்பட்டிருந்தது. கோகோலின் 'மேல்கோட்டு' (1842) கதையில் வரும் குமாஸ்தா அக்காக்கி அக்காக்கியெவிச் ஒன்பதாம் படி. எட்டாம் படிக்குப் போய்விட்டால் அந்தக் காலத்தில் பரம்பரைப் பிரபுப் பட்டம் கிடைத்துவிடும் (1845இல் இந்த விதியை இறுக்கிவிட்டார்கள்). நடுவே ஒரே ஒரு படி. ரஷ்ய வாசகருக்குப் பதவிப் பெயரைச் சொன்னதுமே அந்த மனிதரின் முழு வாழ்க்கையும் புரிந்துவிடும். நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் கதையில் 'முக்கியமான மனிதர்' என்று ஒருவர் வருவார். பேர்கூடக் கிடையாது. பதவி உயர்வு கிடைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதட்டுவதைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்துக்கொண்டவர். கோட்டைத் திருட்டுக் கொடுத்த அக்காக்கி உதவி கேட்டு வரும்போது, அறைக்குள் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சிநேகிதர் இல்லாவிட்டால் அவ்வளவு சத்தம் போட்டிருக்கவே மாட்டார். மேட்டிமைக்குப் பார்வையாளர் வேண்டும் என்பதை கோகோல் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்!

ஏணி தனியாக வேலை செய்வது என்று சொன்னேனே, அது செகாவின் 'பருத்தவனும் மெலிந்தவனும்' (1883). பள்ளித் தோழர்கள் இருவர் ரயில் நிலையத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். கட்டிப்பிடித்து, கண்கலங்கி, பழைய பட்டப்பெயர்களைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மெலிந்தவர் எட்டாம் படி. மர சிகரெட் பெட்டி செய்து விற்று மேல்வரும்படி பார்ப்பதைப் பெருமையாகச் சொல்கிறார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், பருத்தவர் மூன்றாம் படி. அவ்வளவுதான். மெலிந்தவர் வெளுத்து, கூனிக் குறுகிப் போகிறார். அவருடைய மூட்டை முடிச்சுகள்கூடச் சுருங்கியதாக எழுதுகிறார் செகாவ். மகன் விறைத்து நின்று சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொள்கிறான். நீ என்று பேசிக்கொண்டிருந்த வாய் மேதகு, மேதகு என்கிறது.

முதலில் எழுதியபோது பருத்தவர்தான் மெலிந்தவருக்குப் புது மேலதிகாரி என்று கதை இருந்தது. 1886இல் தொகுப்புக்காகத் திருத்தும்போது செகாவ் அதை எடுத்துவிட்டார். இப்போது மெலிந்தவர் பயப்படக் காரணமே இல்லை. யாரும் மிரட்டவில்லை, பருத்தவருக்கோ இந்தக் குழைவைப் பார்த்துக் குமட்டுகிறது. காரணத்தை எடுத்ததும் கதை பல மடங்கு கூர்மையாகிவிட்டது. எழுதக் கற்றுக்கொள்கிறவர்கள் இந்த ஒரு திருத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசிக்கலாம்.

கதையில் வருகிறவர்கள் எல்லோரும் மரியாதைப்பட்டவர்களாக இருக்கிறார்கள். அப்புறம் யார் கெட்டவர்?

அந்த மரியாதைப்பட்டவர்கள்தான். மாப்பசானின் 'பூல் த சுயிஃப்' (1880) இதற்கென்றே எழுதின மாதிரி இருக்கும். தலைப்பு ஒரு பட்டப்பெயர், கொழுப்பு உருண்டை என்று பொருள். 1870 பிரெஞ்சு–பிரஷ்யப் போரில் ருவான் நகரம் எதிரி கையில் விழுந்துவிட, பத்துப் பேர் ஒரு குதிரை வண்டியில் கிளம்புகிறார்கள். ஒயின் வியாபாரியும் மனைவியும், பஞ்சாலை முதலாளியும் மனைவியும், ஒரு பிரபுவும் மனைவியும், இரண்டு கன்னியாஸ்திரிகள், குடியரசு பேசும் கார்னுதே, பாலியல் தொழில் செய்யும் ஒரு பெண். அவள்தான் பூல் த சுயிஃப். ஏறி உட்கார்ந்ததும் மூன்று மனைவிமாருக்கும் திடீரென்று நெருக்கம் வந்துவிடுகிறது. மூவரும் சேர்ந்து வெறுக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டாள் அல்லவா?

பனியில் வண்டி நகரவில்லை. வழியில் சாப்பாடு கிடைக்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு அவள் இருக்கைக்கு அடியிலிருந்து வெள்ளைத் துணி மூடிய பெரிய கூடையை வெளியே எடுக்கிறாள். மூன்று நாள் பயணத்துக்குக் கட்டிக்கொண்டு வந்த சாப்பாடு. உள்ளே கோழி இருக்கிறது, பழம் இருக்கிறது, நாலு புட்டி ஒயின் இருக்கிறது. வாசனை வண்டி முழுக்கப் பரவுகிறது. அவளாகவே எல்லோரையும் கூப்பிடுகிறாள். வியாபாரி முதலில் வழிந்துகொண்டு கை நீட்டுகிறார், கடைசியாகப் பிரபு. சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருக்க முடியாதே என்பதால் அவளுடன் பேசவும் செய்கிறார்கள். கூடை காலியாகிறது.

வழியில் ஒரு விடுதியில் பிரஷ்ய அதிகாரி வண்டியை நிறுத்தி வைக்கிறான். அந்தப் பெண் தன்னுடன் படுத்தால்தான் விடுவேன் என்கிறான். எதிரி நாட்டானுடன் முடியாது என்று அவள் மறுக்கிறாள். முதல் நாள் எல்லோருக்கும் கோபம், அதிகாரி மேல். நாள் போகப் போக அந்தக் கோபம் அவள் மேல் திரும்புகிறது. யாரும் அவளைக் கட்டாயப்படுத்துவதில்லை. பேச்சோடு பேச்சாக, உடலால் எதிரிகளை வசப்படுத்திய பழங்காலப் பெண்கள் என்று ஜூடித்தையும் கிளியோபாத்ராவையும் இழுக்கிறார்கள். நல்ல நோக்கம் இருந்தால் தப்பான காரியத்தையும் கடவுள் மன்னிப்பார் என்று கன்னியாஸ்திரி ஒருவர் சொல்கிறார். இணங்குகிறாள்.

மறுநாள் வண்டி கிளம்புகிறது. அவசரத்தில் அவள் சாப்பாடு கட்டிக்கொள்ளவில்லை. இவர்கள் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்க்காமல், ஒரு துண்டுகூடக் கொடுக்காமல் சாப்பிடுகிறார்கள். கார்னுதே அவித்த முட்டையைத் தின்றுவிட்டு விடுதலைப் பாட்டான மார்செய்யேஸைச் சீட்டியடிக்கிறான். அவள் அழுகிறாள். ஒரு கூடையை முதலிலும் சில உணவுப் பொட்டலங்களைக் கடைசியிலும் வைத்தார், நடுவே ஒரு சமூகத்தையே வைத்துவிட்டார் மாப்பசான். அதிகாரியைக் கெட்டவன் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

குழந்தைகளுக்கு இந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது? அதைச் சொல்லும் கதை உண்டா?

கேதரின் மான்ஸ்ஃபீல்டின் 'பொம்மை வீடு' (1922). என்னை ஒரே ஒரு கதையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன்.

பர்னெல் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய பொம்மை வீடு ஒன்று பரிசாக வருகிறது. பெயின்ட் வாசனை தாங்காமல் அதை முற்றத்திலேயே வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் வேறு பள்ளி இல்லாததால் நீதிபதியின் பிள்ளைகளும் பால்காரரின் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள். ஆனாலும் எங்காவது ஒரு கோடு போட வேண்டுமே. அந்தக் கோடு லில், எல்ஸ் என்ற கெல்வி சகோதரிகளிடம் விழுகிறது. அம்மா வீடு வீடாகப் போய்த் துணி துவைக்கிறவள். அப்பா சிறையில் இருப்பதாக ஊரில் பேச்சு. லில் போட்டிருக்கும் உடை பர்னெல் வீட்டு மேஜை விரிப்பில் தைத்தது, அதன் கைப்பகுதி இன்னொரு வீட்டுத் திரைச்சீலை. கிட்டத்தட்ட ஊரையே உடுத்திக்கொண்டுதான் அந்தப் பெண் ஊர் நடுவே நிற்கிறாள்.

பொம்மை வீட்டைப் பார்க்க ஒவ்வொரு நாளும் இரண்டிரண்டு பேராக எல்லோரும் வந்து போகிறார்கள், இந்த இருவரைத் தவிர. கூட்டத்தில் ஒருத்தி போய் லில்லிடம், நீ பெரியவளானதும் வேலைக்காரியாகத்தான் போவாயாமே என்று கேட்கிறாள். லில் அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிறாள். கேட்டவளுக்கோ ஏதோ சாகசம் செய்த மாதிரி இருக்கிறது, எல்லாரும் குதியாட்டம் போடுகிறார்கள். ஆசிரியை அந்த இருவரிடம் பேசும்போது தனிக் குரல் வைத்திருக்கிறார். பிள்ளைகள் பாடத்தோடு சேர்த்து அந்தக் குரலையும் கற்றுக்கொள்கிறார்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது.

பர்னெல் பிள்ளைகளில் கெசியா மட்டும் யாருக்கும் தெரியாமல் அவர்களை உள்ளே கூப்பிடுகிறாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரில் சித்தி வந்து, கோழிக்குஞ்சுகளை விரட்டுவதுபோல விரட்டிவிடுகிறாள். இங்கே மான்ஸ்ஃபீல்டு ஒரு வேலை செய்கிறார். அன்று பகலில் சித்திக்கு ஒரு ஆளிடமிருந்து மிரட்டல் கடிதம் வந்திருக்கிறது, பயந்து போயிருக்கிறாள். இந்தக் குழந்தைகளை விரட்டியதும் மனசு லேசாகி, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொள்வதுபோல, தனக்குக் கீழே ஒருவரை விரட்டிக்கொள்கிறாள்.

துரத்தப்பட்ட இருவரும் தூரத்தில் போய் உட்கார்கிறார்கள். கதை முழுக்க வாயே திறக்காத எல்ஸ் மெல்லச் சொல்கிறாள்: அந்தக் குட்டி விளக்கைப் பார்த்துட்டேன். கெசியாவுக்கும் வீட்டிலேயே பிடித்தது அந்த விளக்குதான்.

கீழே நிறுத்தப்பட்டவர்கள் ஏன் எதிர்த்துப் பேசுவதே இல்லை?

வெளியே பேசுவதில்லை. உள்ளே பேசுகிறார்கள். பிரேம்சந்த் இந்தியில் எழுதிய 'தாக்கூரின் கிணறு' (1932) அதற்குச் சாட்சி. ஜோக்கு காய்ச்சலில் கிடக்கிறான். மனைவி கங்கி கொண்டுவந்த தண்ணீர் நாறுகிறது, கிணற்றில் ஏதோ செத்துக் கிடக்கிறது. இவர்கள் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டவர்கள், மேல்சாதிக்காரரான தாக்கூரின் கிணற்றில் கை வைக்க முடியாது. கை காலை உடைத்துக்கொண்டுதான் வருவாய் என்று கணவன் சொல்லியும் கங்கி இரவில் போகிறாள்.

மறைந்து நிற்கும்போது அவள் மனம் கணக்குப் போடுகிறது. இவர்கள் எதில் உசத்தி? கழுத்தில் ஒரு நூல் போட்டிருப்பதாலா? திருட்டும் ஏமாற்றும் இவர்களிடம்தானே அதிகம்? அன்றைக்கு ஆட்டைத் திருடித் தின்றது யார், நெய்யில் எண்ணெய் கலந்து விற்பது யார் என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். ஏணியின் ஒவ்வொரு படியாகத் தட்டிப் பார்த்து, உளுத்துப் போயிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுகிறாள். நடுவில் மேல்சாதிப் பெண்கள் இருவர் தண்ணீருக்கு வருகிறார்கள். ஆம்பிளைகள் சாப்பிட வந்ததும் நாம் அடிமைபோல ஓட வேண்டியிருக்கிறது என்று புலம்பிக்கொண்டே இறைத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்கு அது சலிப்பு. இவளுக்கு அதே தண்ணீர் உயிர்.

குடம் மேலே வந்து கைக்கெட்டும் நேரத்தில் தாக்கூர் வீட்டுக் கதவு திறக்கிறது. கயிறு கை நழுவுகிறது, குடம் விழுகிறது, ஓடுகிறாள். வீட்டுக்கு வந்தால் ஜோக்கு அந்த நாற்றத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கிறான். இதில் கங்கி தைரியம் இல்லாதவள் என்று யாராவது சொன்னால் கதையை மறுபடி படிக்கச் சொல்வேன்.

மேலே இருக்கிறவரின் மனதுக்குள்ளேயே உட்கார்ந்து எழுதிய கதை எது?

ஃபிளானரி ஓ'கானரின் 'ரெவலேஷன்' (1964). இடம் அமெரிக்கத் தென்பகுதி, ஒரு மருத்துவரின் காத்திருப்பு அறை. திருமதி டர்பின் உள்ளே வந்ததும் எல்லோருடைய காலையும் பார்க்கிறார். நன்றாக உடுத்திய பெண்மணிக்கு உடைக்குப் பொருத்தமான செருப்பு. தனக்குப் பளபளக்கும் நல்ல கறுப்புச் செருப்பு. இன்னொருத்தி போட்டிருப்பது வீட்டுக்குள் போடும் செருப்பு மாதிரி இருக்கிறதே! ஒரு நிமிடத்தில் அறை முழுக்க அடுக்கியாகிவிட்டது.

தூக்கம் வராத இரவுகளிலும் அவருக்கு இதே வேலை. அடியில் கறுப்பினத்தவர், அவர்களை ஒட்டி ஏழை வெள்ளையர், மேலே சொந்த வீடு உள்ளவர்கள், அதற்கு மேலே வீடும் நிலமும் உள்ள தன்னைப் போன்றவர்கள். அப்புறம் சிக்கல் ஆரம்பிக்கிறது. பணம் குவிந்தவர்களில் சிலர் தரம் குறைந்தவர்கள். நல்ல குடும்பத்தில் பிறந்த சிலர் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். ஊரில் ஒரு கறுப்பினப் பல் மருத்துவருக்கு இரண்டு கார், நீச்சல் குளம், மாட்டுப் பண்ணை. இவரை எங்கே வைப்பது? யோசித்து யோசித்துத் தூங்கிவிடுகிறார். கனவில் எல்லாரும் ஒரே சரக்கு ரயில் பெட்டியில் திணிக்கப்பட்டு விஷவாயு அடுப்புக்குப் போகிறார்கள். 1964இல் இதைப் படித்தவர்களுக்கு, அது நாஜிகள் யூதர்களைக் கொலைமுகாம்களுக்கு ஏற்றிச் சென்ற ரயில் பெட்டி என்று விளக்க வேண்டியிருந்திருக்காது.

தன்னை இப்படிப் படைத்ததற்காக அவர் கடவுளுக்கு நன்றி சொல்லிப் பூரித்துக்கொண்டிருக்கும்போது, எதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவி கையிலிருந்த புத்தகத்தை அவர் முகத்தில் வீசுகிறாள். புத்தகத்தின் பெயர் 'மனித வளர்ச்சி'. (ஓ'கானர் இந்தக் குறும்பை அடக்கிக்கொள்ள முயற்சிகூடச் செய்யவில்லை.) நீ நரகத்திலிருந்து வந்த காட்டுப்பன்றி, அங்கேயே போ என்கிறாள். அதற்கு அப்புறம் வருவதுதான் கதையின் பெரிய பகுதி. நல்லவளான என்னைப் போய் ஏன் என்று பன்றிக் கொட்டில் முன்னால் நின்று கடவுளிடமே சண்டை போடுகிறார். அதன் பிறகு வரும் காட்சியில், அவர் கீழே வைத்தவர்களெல்லாம் ஆடிப்பாடிச் சொர்க்கத்துக்கு முன்னால் போக, அவரைப் போன்ற ஒழுங்கானவர்கள் வரிசையின் கடைசியில் வருகிறார்கள்.

அவரை வெறுக்க முடியாது என்பதில் இருக்கிறது சிரமம். கெட்ட வார்த்தை பேசாதவர், உழைப்பாளி, உதவி செய்கிறவர். பாதிக் கதைக்கு மேல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நாமும் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எழுதியவர்களுக்கு இந்த நோய் இல்லையா?

இருந்தது. ஓ'கானரின் கடிதங்களில் கறுப்பினத்தவரைப் பற்றி மோசமான வரிகள் இருக்கின்றன. கதைகளில் தன் கையை மீறித் தெளிவாகப் பார்த்தவர், கடிதத்தில் ஊர்ப் பேச்சைப் பேசியிருக்கிறார். பிரேம்சந்தின் 'கஃபன்' கதையில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த தந்தையும் மகனும் சோம்பேறிகளாக, இறந்தவளின் சவத்துணிக்கு வாங்கிய காசைக் குடித்துத் தீர்ப்பவர்களாக வருவதைத் தலித் எழுத்தாளர்கள் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். அந்த விமர்சனத்தைத் தட்டிவிட முடியாது.

மாமின் கெலாடாவுக்கே திரும்பி வருகிறேன். முத்து வியாபாரம் தெரிந்த அவர், ஒரு பெண்மணி கழுத்தில் இருப்பது விலையுயர்ந்த முத்துமாலை என்று அவளுடைய கணவரிடம் நூறு டாலர் பந்தயம் கட்டுகிறார். போலிதான், பதினெட்டு டாலருக்கு வாங்கியது என்கிறார் கணவர். மாலையைக் கையில் வாங்கிப் பார்த்து அசல்தான் என்று தெரிந்துகொண்டபோது, அந்தப் பெண்ணின் கண்ணில் பீதியைப் பார்க்கிறார் (கணவருக்குத் தெரியாமல் வேறு யாரோ கொடுத்த மாலை என்று நாம் ஊகித்துக்கொள்ள வேண்டும்). நான்தான் தப்பு என்று சொல்லிப் பணத்தை எடுத்துக் கொடுத்துக் கேலிக்கு ஆளாகிறார். மறுநாள் காலை நூறு டாலர் ஓர் உறையில் அவரிடம் திரும்பி வருகிறது, அந்த நிமிடத்தில் கதைசொல்லிக்கு அவர் மேல் இருந்த வெறுப்பு குறைகிறது. அருமையான கதைதான். ஆனால் எனக்கு ஒரு நெருடல் உண்டு: வேற்றாள் ஒருவரைச் சகித்துக்கொள்ளவே அவர் இவ்வளவு பெரிய தியாகம் செய்ய வேண்டியிருக்கிறதா? ஸ்மித்துக்கு அந்தத் தேர்வு கிடையாதே.

எல்லா எழுத்தாளரும் மேல்தட்டுக்காரர் என்பதும் சரியில்லை. செகாவின் தாத்தா பண்ணையடிமையாக இருந்து பணம் கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்டவர். மெலிந்தவர் எப்படிக் குனிவார் என்று செகாவுக்குத் தெரிந்ததில் வியப்பில்லை.

கடைசி வரியில் திருப்பம் வைப்பது மலிவான உத்தி இல்லையா?

பெரும்பாலும் ஆமாம். கேட் ஷோபனின் 'டெசிரேயின் குழந்தை' (1893) விதிவிலக்கு. லூசியானாவில் ஒரு தோட்ட முதலாளி, குழந்தையின் நிறத்தைப் பார்த்து மனைவி டெசிரேயைக் கறுப்பினத்தவள் என்று முடிவுகட்டுகிறான். பெற்றோர் யாரென்றே தெரியாமல் வளர்ந்தவள் அவள், மறுத்துச் சொல்ல ஆதாரமில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீர்நிலைப் புதர்களுக்குள் போனவள் திரும்பவில்லை. பிறகு அவளுடைய பொருட்களை எரிக்கும்போது தன் தாயின் பழைய கடிதம் ஒன்று அவனுக்குக் கிடைக்கிறது. கறுப்பின ரத்தம் அவன் தாயுடையது. இந்தத் திருப்பம் நம்மை அசத்துவதற்காக மட்டும் வைத்தது இல்லை, அவன் அடுக்கிய ஏணியையே உருவிவிடுகிறது. ஆனால் கடிதம் வந்திருக்காவிட்டால் அவன் செய்தது சரியாகிவிடுமா என்ற கேள்வியைப் பல வாசகர்கள் மறந்துவிடுகிறார்கள்.

தமிழில் இதற்கு இணையாக எதைச் சொல்லலாம்?

முதலில் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' (1934). மில் கூலி அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் வண்டிக்காரக் கணவன் பால் கஞ்சி கேட்கிறான் என்பதற்காக இருட்டுச் சந்துக்குள் போய் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். கடைசியில் ஆசிரியர் நம் பக்கம் திரும்பி, கற்பு கற்பு என்று கதைக்கிறீர்களே என்று கேட்கிறார். ஒழுக்கத்தில் நாங்கள் உசத்தி என்று நினைத்துக்கொண்டு படித்தவருக்குத்தான் அந்த அடி. மாப்பசானின் வண்டியில் இருந்தவர்களைப் பார்த்து நாம் வெளியிலிருந்து முகம் சுளிக்கலாம். இங்கே அந்த வசதி கிடையாது.

இன்னொன்று கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. பணக்கார வீட்டுப் பையன் எதையெடுத்தாலும் ஏழைப் பிள்ளைகளோடு போட்டி போட்டுக்கொண்டே இருப்பான். தீபாவளிக்கு அவன் வீட்டுக்கு ஜமீன் குடும்பத்து மாப்பிள்ளை வருகிறார். எங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்கிறான். இவர்கள் வீட்டிலோ, உடம்பெல்லாம் சிரங்கோடு வந்த அநாதைப் பையன் ஒருவனை அம்மா குளிப்பாட்டிப் புதுத்துண்டு கட்டி உட்கார வைத்திருக்கிறாள். அவன் பேரும் ராஜா. எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்கிறாள் சின்னவள் மங்கம்மாள். போட்டி நடக்கிறது என்பதே அவளுக்குத் தெரியுமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

பழைய கதைகளில் வரும் இழிசொற்களை மொழிபெயர்ப்பில் மாற்றிவிடலாமா?

பாத்திரத்தின் வாயில் வந்தால் விட்டுவிடுங்கள். அதை மழுப்பினால் பேசுகிறவரை நல்லவராக்கிவிடுவோம். ஆசிரியரே கூற்றாக எழுதியிருந்தால் ஒரு முன்குறிப்பு போடலாம்.

எதில் தொடங்குவது?

'பச்சோந்தி'யில். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடலாம். அடுத்து 'பொம்மை வீடு', 'தாக்கூரின் கிணறு', 'பொன்னகரம்'. நான்கும் ஒரே மாலையில் முடியும். 'பூல் த சுயிஃப்' நீளமான கதை, ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். பசியோடு உட்கார வேண்டாம், அந்தக் கூடையைத் திறக்கும் பக்கம் தாங்காது. 'ரெவலேஷன்' கடைசியில் இருக்கட்டும். அதைப் படித்த பிறகு எந்தக் காத்திருப்பு அறையிலும் மற்றவர்களின் செருப்பைப் பார்க்காமல் உட்காருவது கொஞ்ச நாளைக்குக் கஷ்டம்.